ஏலக்காய்க்கு லேப் இருக்கு, ஓடைக்கு இல்லை

போன லீவுக்கு போடிக்குப் போயிருந்தபோது சித்தியிடம் ஒரு கேள்வி கேட்டேன். இருபது வருஷமாக விடிவதற்கு முன்னால் ஜீப் ஏறி, போடிமெட்டு தாண்டி, ஏலத்தோட்டத்துக்குக் காய் எடுக்கப் போகிறவர்.

"மேல குடிக்கத் தண்ணி எப்படி சித்தி?"

"ஓடையில மோந்துக்கிறதுதான். இங்கிருந்து சுமந்துட்டா போக முடியும்?"

"மருந்தடிச்ச அன்னைக்கு?"

"அன்னைக்கு யாரு குடிப்பா? வாடை போயிருச்சுன்னா மறுநாள் குடிப்போம்."

"வாடை போயிருச்சுன்னு யாரு சொல்றது?"

சித்தி சிரித்துக்கொண்டே தன் மூக்கைத் தொட்டுக் காட்டினார்.

அந்த மூக்குதான் ஏலமலையில் இப்போது இருக்கிற குடிநீர்ப் பரிசோதனைக் கூடம். மிகைப்படுத்திச் சொல்கிறேன் என்று நினைக்காதீர்கள். அதன் பிறகு ரெண்டு மாசம், சனி ஞாயிறுகளில், குடிநீருக்கும் நிலத்தடி நீருக்கும் நம்ம ஊரில் அரசுப் பணம் எந்தெந்த வழியில் வருகிறது என்று ஆவணங்களைப் படித்தேன். நான் நீரியல் படித்தவனில்லை, கோடு எழுதிப் பிழைக்கிறவன். ஆனால் ஒரு ஸ்பெசிஃபிகேஷனைப் படித்து, அதற்கு எழுதின டெஸ்ட் கேஸையும் படித்து, ரெண்டுக்கும் நடுவில் என்ன விட்டுப்போச்சு என்று பார்ப்பது என் தினசரி வேலை. அந்த வேலையைத்தான் இங்கேயும் செய்திருக்கிறேன்.

தண்ணி எந்தப் பக்கம் ஓடுகிறது?

முதலில் நான் நம்பியிருந்த ஒரு தப்பைத் திருத்திவிடுகிறேன். ஏலமலையில் அடிக்கிற மருந்தெல்லாம் நேராக இறங்கி போடிக்கு வருகிறது என்றுதான் சின்ன வயசிலிருந்து ஊரில் பேசிக் கேட்டிருக்கிறேன். மேப்பை விரித்துப் பார்த்தால் கதை அப்படி இல்லை.

போடிமெட்டு ஒரு முகடு. மழை அதன் கிழக்குச் சரிவில் விழுந்தால் நம்ம பக்கம். குரங்கணி, கொட்டக்குடி மலைகளின் ஓடைகள் சேர்ந்து கொட்டக்குடி ஆறாகி, போடியைத் தொட்டு, வைகையில் கலக்கும். போடி நகராட்சிக்குக் குடிநீர் தருவது அந்த ஆறுதான். கிழக்குச் சரிவிலும் காப்பி, ஏலம், மிளகு உண்டு. ஆனால் ஏலத்தின் பெரும்பரப்பு முகட்டுக்கு மேற்கே, இடுக்கி மாவட்டத்தில், பூப்பாறை, சாந்தன்பாறை, நெடுங்கண்டம், வண்டன்மேடு பக்கம் கிடக்கிறது. அங்கே விழுகிற மழையில் ஒரு பங்கு பன்னியாறாகப் பொன்முடி அணைக்குப் போய், கடைசியில் பெரியாற்றோடு சேர்கிறது. ஆலுவாவில் எடுத்துக் கொச்சிக்காரர்கள் குடிப்பது பெரியாற்றுத் தண்ணீர்.

அப்படியென்றால் மேற்குப் பக்கத் தோட்டத்து மருந்துக்கும் தேனி மாவட்டத்துக்கும் சம்பந்தமே இல்லையா? உண்டு. அது குழாய் வழியாக வருவதில்லை, ஜீப் வழியாகப் போகிறது. போடி, தேவாரம், கம்பம் பக்கத்து ஊர்களிலிருந்து தினமும் மலையேறிப் போகிற ஜனம், பகல் முழுக்க அந்த ஓடையைத்தான் குடிக்கிறது. சித்தியின் வீடு தமிழ்நாட்டுக் கணக்கில் இருக்கிறது. அவர் குடிக்கிற தண்ணீரில் பாதி கேரளத்து ஓடையில் இருக்கிறது. இந்த ரெண்டையும் சேர்த்து எழுத எந்தக் கணக்குப் புத்தகத்திலும் பத்தி கிடையாது. என் விமர்சனம் முழுக்க இந்த ஒரு இடத்தைப் பற்றியதுதான்.

ஒரே மலை, நாலு லெட்ஜர்

கொட்டக்குடி ஆற்றையே எடுத்துக்கொள்ளுங்கள். போடி ஒரு நகராட்சி. அதன் குடிநீர்த் திட்டங்களுக்கு மத்தியப் பணம் வருகிற வழி, 2021 அக்டோபரில் தொடங்கிய அம்ருத் 2.0. சுற்றியுள்ள கிராமங்களுக்கு 2019 ஆகஸ்டில் அறிவித்த ஜல் ஜீவன் மிஷன். ஊராட்சிகளுக்கு நேராக வருவது 15-வது நிதிக்குழு மானியம். அதில் 60 சதவீதம் குடிநீர், சுகாதாரத்துக்கு என்றே கட்டிப்போடப்பட்டது. 2021-22 முதல் 2025-26 வரை நாடு முழுவதற்கும் 1,42,084 கோடி ரூபாய். நிலத்தடி நீருக்கு என்று தனியாக அடல் பூஜல் யோஜனா, 6,000 கோடி, அதில் பாதி உலக வங்கிக் கடன்.

கேட்கவே நிறைவாக இருக்கிறது. இப்போது ஒவ்வொன்றும் எதை அலகாக எண்ணுகிறது என்று பாருங்கள். அம்ருத் நகரத்தை எண்ணும். ஜல் ஜீவன் வீட்டை எண்ணும். நிதிக்குழு ஊராட்சியை எண்ணும். அடல் பூஜல் ஏழு மாநிலங்களை மட்டும் எண்ணும்: குஜராத், ஹரியானா, கர்நாடகா, மத்தியப் பிரதேசம், மகாராஷ்டிரா, ராஜஸ்தான், உத்தரப் பிரதேசம். தமிழ்நாடும் கேரளமும் அந்தப் பட்டியலிலேயே இல்லை. அந்தத் திட்டத்தின் கவலையும் பெரும்பாலும் நீர்மட்டம் இறங்குவதைப் பற்றியது. நீரில் என்ன கரைந்திருக்கிறது என்பது அதன் மையக் கேள்வி இல்லை.

ஓடையை, சரிவை, முகட்டை எண்ணுகிற லெட்ஜர் இந்த நாலில் ஒன்றுகூட இல்லை. தண்ணீர் பிறக்கிற இடத்துக்கு முகவரி கிடையாது. குழாய் முடிகிற இடத்துக்குத்தான் கதவு எண் இருக்கிறது.

நிலத்தடி நீருக்குச் சட்டம் இல்லையா என்று கேட்பீர்கள். தமிழ்நாடு 2003-ல் மாநிலம் முழுமைக்கும் ஒன்று இயற்றியது. 2013-ல் அதைத் தானே ரத்து செய்தது. மற்ற இடத்தின் கதையும் ஒன்றும் பெருமைப்படும்படி இல்லை. நிலத்தடி நீர் மேலாண்மை பற்றிய 2021-ம் ஆண்டு சி.ஏ.ஜி. அறிக்கை, 2019 டிசம்பர் நிலவரப்படி 19 மாநிலங்கள், யூனியன் பிரதேசங்களில் சட்டம் இயற்றப்பட்டிருந்தும், அவற்றில் நாலில் அது அரைகுறையாகவே நடைமுறைக்கு வந்திருந்ததாகச் சொல்கிறது.

'வரை' என்ற ஒரு சொல்

ஜல் ஜீவன் மிஷனைக் குறை சொல்வதற்கு முன்னால் அதற்குரிய மரியாதையைக் கொடுத்துவிட வேண்டும். அதற்கு முந்தைய தேசிய ஊரகக் குடிநீர்த் திட்டம் 2012 முதல் 2017 வரை 81,168 கோடி ரூபாய் செலவழித்தது. கிராமத்து வீடுகளில் 35 சதவீதத்துக்காவது குழாய் கொடுப்பது இலக்கு. கிடைத்தது 17 சதவீதம்தான் என்று சி.ஏ.ஜி. 2018-ல் எழுதியது. 2019-ல் நாட்டில் 3.23 கோடிக் கிராமத்து வீடுகளில்தான் குழாய் இருந்தது. இப்போது அது 15 கோடியைத் தாண்டிவிட்டது. தமிழ்நாட்டில் பத்து கிராமத்து வீடுகளில் கிட்டத்தட்ட ஒன்பதில் குழாய் இருப்பதாகக் கணக்கு. குடத்தைத் தூக்கிக்கொண்டு நடந்த பெண்களுக்கு இது எவ்வளவு பெரிய மாற்றம் என்பதை, குடம் தூக்காத நான் சொல்லத் தேவையில்லை.

என் சண்டை அதன் வழிகாட்டி நூலோடுதான். 'செயல்படும் குழாய் இணைப்பு' என்றால் என்ன என்று அதில் விளக்கம் இருக்கிறது. ஆளுக்கு நாளுக்கு 55 லிட்டர், தொடர்ச்சியாக, ஐ.எஸ். 10500 என்ற இந்தியத் தரத்துக்கு உட்பட்டதாக வர வேண்டும். அருமையான ஸ்பெக். அந்த ஐ.எஸ். 10500 தரத்தை எடுத்துப் பார்த்தால், 2012 பதிப்பில் 18 பூச்சிக்கொல்லி, களைக்கொல்லிகளுக்கு வரம்பு போட்டிருக்கிறார்கள். குளோர்பைரிஃபாஸ் லிட்டருக்கு 30 மைக்ரோகிராம், போரேட் 2, மோனோகுரோட்டோபாஸ் 1, எண்டோசல்ஃபான் 0.4.

இப்போது டெஸ்ட் கேஸுக்கு வருவோம். கிராமத்துக்கு ஐந்து பெண்களுக்குப் பயிற்சி கொடுத்து ஒரு பெட்டி தருகிறார்கள். கள ஆய்வுப் பெட்டி. நல்ல திட்டம்தான். அதில் பி.ஹெச்., கடினத்தன்மை, குளோரைடு, ஃபுளோரைடு, இரும்பு, நைட்ரேட், மீதமுள்ள குளோரின் பார்க்கலாம், கிருமிக்கு ஒரு குப்பி இருக்கும். பூச்சிக்கொல்லி பார்க்க முடியாது. லேபுக்குப் போகும் அடிப்படைப் பட்டியலிலும் பூச்சிக்கொல்லி கிடையாது. அந்த அடிப்படைச் சோதனையும் வேதிப்பொருளுக்கு வருஷத்துக்கு ஒரு தடவை, கிருமிக்கு ரெண்டு தடவை.

ஸ்பெக்கில் இருக்கிறது, டெஸ்ட்டில் இல்லை. ஆனால் டேஷ்போர்டில் பச்சை எரிகிறது. என் வேலையில் நான் இப்படி ஒரு ரிலீஸ் விட்டால் ராத்திரி ரெண்டு மணிக்கு ஃபோன் வரும்.

பணம் எப்படி என்று பாருங்கள். மொத்தத் திட்டம் 3.60 லட்சம் கோடி ரூபாய். தண்ணீர்த் தரத்தைக் கண்காணிக்க, மாநிலங்கள் தங்கள் ஆண்டு ஒதுக்கீட்டில் 2 சதவீதம் 'வரை' செலவழிக்கலாம். இந்த 'வரை'யைக் கவனியுங்கள். இது உச்சவரம்பு. குறைந்தபட்சம் இவ்வளவாவது செலவழி என்று சொல்லவில்லை, இதற்கு மேல் செலவழிக்காதே என்கிறது. நூறு ரூபாயில் ரெண்டு ரூபாய்க்குள்தான் பெட்டி, லேப், ஆள், பயிற்சி எல்லாம்.

சரி, நீராதாரத்தைப் பாதுகாக்க? அதற்கு வழிகாட்டி நூல் சொல்கிற சொல் 'ஒருங்கிணைப்பு'. நூறு நாள் வேலை, நிதிக்குழு மானியம், காடு வளர்ப்பு நிதி என்று மற்ற திட்டங்களின் பணத்தை வைத்துப் பார்த்துக்கொள்ள வேண்டும். ஐ.டி.யில் இருக்கிறவர்களுக்கு இந்தச் சொல்லின் அர்த்தம் தெரியும். 'அதை அந்த டீம் பார்த்துக்குவாங்க.' எந்த டீமும் பார்க்காது.

ஏலக்காய்க்கு மட்டும் எப்படி முடிகிறது?

பூச்சிக்கொல்லியைச் சோதிப்பது நம்ம ஊருக்கு எட்டாத தொழில்நுட்பமா? அப்படிச் சொல்ல முடியாது. ஸ்பைசஸ் போர்டுக்குக் கொச்சி, சென்னை, தூத்துக்குடி, குண்டூர், மும்பை என்று தர ஆய்வகங்கள் இருக்கின்றன. வெளிநாட்டுக்குப் போகிற மசாலாவில் மருந்து எச்சம் எவ்வளவு என்று அங்கே பார்க்கிறார்கள். பார்க்கவில்லை என்றால் துறைமுகத்திலிருந்து சரக்கு திரும்பி வந்துவிடும்.

சபரிமலை அரவணை விவகாரம் ஞாபகம் இருக்கும். 2023 ஜனவரியில், பாயசத்தில் போட்ட ஏலக்காயில் அனுமதித்த அளவுக்கு மேல் பூச்சிக்கொல்லி இருப்பதாக ஆய்வறிக்கை வந்து, கேரள உயர் நீதிமன்றம் விற்பனையை நிறுத்தியது. 6.65 லட்சம் டின் முடங்கியது. 2024 மார்ச்சில் உச்ச நீதிமன்றம் அந்த உத்தரவை ரத்து செய்தது. யார் பக்கம் நியாயம் என்பது எனக்கு இங்கே முக்கியமில்லை. ஒரு டின் பாயசத்தில் சிட்டிகை அளவு விழுகிற ஏலக்காயை லேபுக்கு அனுப்ப இந்த நாட்டில் ஆள் இருக்கிறது, கோர்ட் இருக்கிறது, பணம் இருக்கிறது. அந்த ஏலக்காய் விளைந்த சரிவில் ஓடுகிற தண்ணீரை, லிட்டர் கணக்கில் குடிக்கிறவர்களுக்காக அனுப்ப யாருமில்லை. வாங்குகிறவனுக்கு லேப், சாமிக்கு லேப், சித்திக்கு மூக்கு.

இதில் இன்னொரு சிக்கலும் இருக்கிறது. ஏலத்துக்கு அங்கீகரிக்கப்பட்ட மருந்துகளில் குயினால்பாஸ் ஒன்று. டயஃபென்தியூரான் இன்னொன்று. ஐ.எஸ். 10500-ன் அந்த 18 பெயரில் ரெண்டுமே இல்லை. ஆக, யாராவது மனசு வைத்துப் பூச்சிக்கொல்லிப் பட்டியல் முழுவதையும் சோதித்தாலும், இந்த மலைக்கு எது வேண்டுமோ அது தப்பிவிடும். பயிரைப் பார்த்துப் பட்டியல் போட வேண்டும். நெல் வயலுக்கும் ஏலக்காட்டுக்கும் ஒரே பட்டியல் போட்டால் இப்படித்தான் ஆகும்.

எப்போது சோதிக்கிறோம் என்பதும் அதே அளவுக்கு முக்கியம். மோனோகுரோட்டோபாஸ் தண்ணீரில் நன்றாகக் கரையும், மழை பெய்தவுடன் ஓடையில் இறங்கிவிடும். குளோர்பைரிஃபாஸ் அப்படியில்லை, மண்ணைப் பிடித்துக்கொண்டு உட்காரும், செம்மண் கரைந்து வருகிற கலங்கலில்தான் வரும். நிலத்தடிக்கும் இதே போல ஒரு கணக்கு. இந்த மலை சார்னோகைட் என்ற கடும்பாறை. பொட்டிப்புரத்தில் நியூட்ரினோ ஆய்வகம் கட்ட இந்தப் பாறையைத்தான் தேடி வந்தார்கள். 2015-ல் அதற்கு 1,500 கோடி ரூபாய்க்கு மத்திய அமைச்சரவை ஒப்புதல் கொடுத்தது. அப்படிப்பட்ட பாறையில் தண்ணீர் நிற்பது மேலே இருக்கிற மக்கிய அடுக்கிலும் வெடிப்புகளிலும் மட்டும்தான். வெடிப்பு வழியாகப் போகிற தண்ணீர் மணலில் வடிகட்டுவது போல வடிகட்டப்படாது, சட்டென்று ஊற்றில் வந்துவிடும். மருந்து சில வாரத்துக்கு ஒருமுறை அடிக்கப்படுகிற இடத்தில், வருஷத்துக்கு ஒரு தடவை பாட்டிலில் பிடித்துப் பார்ப்பதற்குப் பெயர் சோதனை இல்லை, லாட்டரி.

நானே ஒரு தடவை முயற்சி பண்ணினேன். ஓடையில் தண்ணீர் பிடித்துக்கொண்டு ஒரு ஆய்வகத்துக்குப் போனேன். "பூச்சிமருந்து இங்க பார்க்கிறதில்லைங்க" என்றார்கள். இன்னொரு தனியார் லேபில் என் பிளாஸ்டிக் பாட்டிலைப் பார்த்தே சிரித்துவிட்டார்கள். பழுப்புக் கண்ணாடிப் பாட்டில் வேண்டும், ஐஸில் வைத்துக் கொண்டுவர வேண்டும், ஒரு வாரத்துக்குள் பிரித்தெடுத்தாக வேண்டும். அவர்கள் சொன்ன கட்டணம் சித்தியின் பல நாள் கூலி. இது தனி ஆள் செய்கிற வேலையில்லை என்று அன்றைக்குத்தான் புரிந்தது. பொதுப்பணம் என்று ஒன்று இருப்பதே இந்த மாதிரி வேலைக்குத்தானே?

சட்டம் என்ன சொல்கிறது, பிறகு யார் கட்டுகிறார்கள்

தோட்டத் தொழிலாளர் சட்டம் 1951-லேயே எட்டாவது பிரிவில் எழுதிவைத்தது: வேலை செய்கிறவர்களுக்குப் போதுமான, நல்ல குடிநீரைத் தோட்டத்திலேயே முதலாளி ஏற்பாடு செய்ய வேண்டும். 2010-ல் திருத்தம் வந்து, பூச்சிக்கொல்லியிலிருந்து பாதுகாப்புக்கும் தனிப் பிரிவுகள் சேர்ந்தன. ஆனால் 2025 வரை நடைமுறையில் இருந்த அந்தச் சட்டம் ஐந்து ஹெக்டேருக்கும் 15 தொழிலாளர்களுக்கும் கீழே இருந்த தோட்டத்தைத் தொடவில்லை. ஏலமலையில் சின்னச் சின்னத் தோட்டங்கள்தான் ஏராளம். சித்தி போவதும் அப்படி ஒரு தோட்டத்துக்கே. மாநிலக் கணக்கிலிருந்து விழுந்தவர், சட்டத்தின் கணக்கிலிருந்தும் விழுந்துவிட்டார்.

"விஷம் இருக்குன்னு நிரூபிச்சியா?" என்று கேட்பார்கள். நியாயமான கேள்வி. ஓடையில் விஷம் ஓடுகிறது என்று நான் சொல்லவில்லை. பார்ப்பதற்குப் பணம் ஒதுக்கவில்லை என்கிறேன். பார்க்காமல் இருந்தால் என்ன ஆகும் என்பதற்குக் காசர்கோடு பக்கத்திலேயே இருக்கிறது. அரசுக்குச் சொந்தமான முந்திரித் தோட்டங்களில் பல வருஷம் ஹெலிகாப்டரில் எண்டோசல்ஃபான் தெளித்தார்கள். 2011 மே மாதம் உச்ச நீதிமன்றம் அந்த மருந்துக்கே தடை போட்டது. 2017-ல் பாதிக்கப்பட்ட ஒவ்வொருவருக்கும் 5 லட்சம் ரூபாய் கொடுக்கச் சொன்னது. 2022 மே மாதத்தில் அதே நீதிமன்றம் கணக்குக் கேட்டபோது, 3,704 பேரில் பணம் கைக்கு வந்தது 8 பேருக்கு. தடுப்பதற்கு எந்தத் தலைப்பிலும் பணமில்லை, இழப்பீட்டுக்கு மட்டும் எப்படியாவது தலைப்பு உண்டாக்கித்தான் ஆக வேண்டியிருந்தது. அதுவும் கோர்ட் அதட்டிய பிறகு.

கிலோவுக்கு ஒரு ரூபாய்

குறை மட்டும் சொல்லிவிட்டுப் போனால் நண்பர்கள் விடமாட்டார்கள். என் யோசனை இது.

ஜெர்மனியின் மியூனிக் நகரத்துக்குத் தண்ணீரில் பெரும்பகுதி மாங்ஃபால் பள்ளத்தாக்கிலிருந்து வருகிறது. 1992 முதல் அந்த நகரத்துக் குடிநீர் நிறுவனம், அங்கே நிலம் வைத்திருக்கிற விவசாயிகளோடு ஒப்பந்தம் போட்டு, ரசாயனம் இல்லாத விவசாயத்துக்கு மாறினால் ஹெக்டேருக்கு இவ்வளவு என்று வருஷா வருஷம் பணம் கொடுக்கிறது. அந்தத் தண்ணீர் பெரிய சுத்திகரிப்பு இல்லாமலே வீட்டுக்குப் போகிறது. அழுக்கானதைக் கழுவுவதைவிட அழுக்காகாமல் பார்ப்பது மலிவு என்று கணக்குப் போட்டார்கள்.

அதை அப்படியே இங்கே நடக்கச் சொன்னால் நடக்காது. அது பெரும்பாலும் மாடு மேயும் புல்வெளி, இது ஏலம். 2019-ல் கிலோ 7,000 ரூபாய் வரை ஏலம் போன பயிர். அந்தப் பயிருக்கு மருந்தை நிறுத்து, நஷ்டஈடு தருகிறேன் என்றால் எந்த அரசாலும் கட்டாது. ஆனால் தோட்டம் முழுக்க நிறுத்த வேண்டியதில்லை. ஓடையின் ரெண்டு கரையிலும் சில மீட்டர் அகலத்துக்கு மருந்தடிக்காமல் விட்டால், அதற்கு மட்டும் பணம் கொடுக்கலாம்.

பணம் எங்கிருந்து வரும்? நாட்டில் வருஷத்துக்கு 20,000 டன்னுக்கு மேல் சின்ன ஏலக்காய் விளைகிறது. கிலோவுக்கு ஒரு ரூபாய் எடுத்தால் 2 கோடி. முகட்டின் ரெண்டு பக்கமும் 50 இடத்தில் மாதா மாதம் தண்ணீர் எடுத்தால் வருஷத்துக்கு 600 சாம்பிள். சாம்பிளுக்கு 10,000 ரூபாய் என்றே வைத்துக்கொள்வோம், 60 லட்சம். மீதி 1 கோடி 40 லட்சம் ஓடைக்கரைக்கு. லட்சம் கோடி பேசுகிற இடத்தில் இது சில்லறை.

"தமிழ்நாடா கேரளமா, யார் வசூலிப்பது?" என்ற சண்டைக்கும் இடமில்லை. ஏலக்காய் இ-ஏலம் நடப்பது போடியிலும் புற்றடியிலும். ரெண்டையும் நடத்துவது ஸ்பைசஸ் போர்டு. முகட்டைத் தாண்டி ரெண்டு பக்கமும் கை வைத்திருக்கிற ஒரே அமைப்பு அது, அதனிடம் லேபும் இருக்கிறது. ஏலக்காய்க்குப் பார்க்கிற அதே மருந்துகளை ஓடைக்கும் பார்க்கச் சொன்னால் போதும். முடிவை ஏல மையத்து வாசலில் தமிழிலும் மலையாளத்திலும் ஒட்டட்டும்.

விவசாயிமேல் இன்னொரு சுமையா என்று கேட்டால், விலை விழுகிற வருஷத்தில் ஒரு ரூபாயும் வலிக்கும் என்று ஒப்புக்கொள்கிறேன். அந்த வருஷம் ஜல் ஜீவனின் 2 சதவீதத்திலிருந்து போடட்டும். அதற்கு 'வரை' என்பதை 'குறைந்தது' என்று மாற்றினாலே போதும். ஒரு சொல்தான்.

ஊருக்குக் கிளம்புகிற அன்றைக்கு, ரெண்டு லிட்டர் பிடிக்கிற ஒரு எவர்சில்வர் பாட்டில் வாங்கிச் சித்தியிடம் கொடுத்தேன். வீட்டுக் குழாயில் பிடித்துக்கொண்டு போகட்டும் என்று. அவர் தூக்கிப் பார்த்துவிட்டுச் சொன்னார்: "நல்லாத்தான் இருக்கு தம்பி. எங்க ஜீப்புல பதினஞ்சு பேரு வாராக. எனக்கு மட்டும் கொண்டுபோயி நான் மட்டும் குடிக்கவா?"